பக்கத்துக்கு ஏழு நூல்

எங்கள் அடுக்ககத்தில் நான் மேசை போட்டு வேலை செய்யும் அறை மேற்குப் பார்த்தது. பிற்பகல் மூன்று மணி தாண்டிவிட்டால் சூரியன் ஜன்னலுக்கு நேரே இறங்கி, முதலில் விசைப்பலகையிலும் பிறகு கணினித் திரையிலும் கடைசியாக என் முகத்திலும் அடிக்கும். ஜன்னலுக்கு மேலே இரண்டடிக்குச் சன்ஷேடு நீட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேலே நிற்கும் நண்பகல் வெயிலுக்கு அது போதும், தாழ்ந்து வரும் மாலை வெயிலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. துணித்திரையை இழுத்து மூடினால் வெயிலோடு வெளிச்சமும் போய்விடும். ஆகவே சென்னையின் மே மாதத்தில், வெளியே கண்ணைப் பறிக்கும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது, உள்ளே குழல்விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வினோதம் எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் நடந்தது.

இதற்குப் பட்டைத்திரைதான் சரி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கடையில் பிளைண்ட்ஸ் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள் என்றாலும், படுக்கைவாட்டில் பட்டை பட்டையாகத் தொங்கும் இந்த வகையை நான் இங்கே பட்டைத்திரை என்றே எழுதுகிறேன். பட்டைகளின் உள்விளிம்பு உயர்ந்திருக்குமாறு திருப்பி வைத்தால் நேர் வெயில் பட்டையிலேயே பட்டு நின்றுவிடும். வெளிச்சம் மட்டும் இடுக்குகளின் வழியாக மேல்நோக்கி வந்து கூரையில் பட்டு அறையெங்கும் பரவும். பழைய பங்களாக்களின் ஜன்னல் கதவுகளில், நடுவே இருக்கும் ஒரு கோலைப் பிடித்து அசைத்தால் எல்லா மரச்சட்டங்களும் ஒன்றாகத் திரும்புமே, அதே உபாயம்தான். கதவுக்குப் பதிலாகக் கயிற்றில் தொங்குகிறது, அவ்வளவே வேறுபாடு.

அளவெடுத்துச் செய்து தருபவர்கள் சதுர அடிக் கணக்கில் விலை சொன்னார்கள். இரண்டு ஜன்னல்களுக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டபின், ஆயத்தமாகப் பெட்டியில் வைத்து விற்கும் நான்கடி அகலத் திரையொன்றையும் இரண்டடி அகலத்தில் சிறியது ஒன்றையும் வாங்கினேன். நான்கடித் திரை வெள்ளை நிறப் பிவிசி பட்டைகள் கொண்டது. ஒவ்வொரு பட்டையும் 50 மில்லிமீட்டர் அகலமும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனும் உடையது. இரண்டடித் திரை சமையலறைக்கானது, 25 மில்லிமீட்டர் அகல அலுமினியப் பட்டைகள். ஆனால் நம் வீடுகளின் ஜன்னல்கள் நான்கடி என்றோ இரண்டடி என்றோ எந்தக் கொத்தனாரும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. வரைபடத்தில் நான்கடி என்று போட்டிருந்தாலும், சட்டம் பொருத்திச் சுற்றிலும் பூச்சுப் பூசி முடிக்கும்போது அது சுருங்கிவிடுகிறது. எனவே வாங்கிய திரையை வீட்டிலேயே வெட்டிப் பொருத்துவது என்று முடிவாயிற்று.

என் அப்பா தையற்காரர். அளவெடுக்கும் வேலையை நான் அவருடைய கடையில் காஜா எடுத்துக்கொண்டே பார்த்து வளர்ந்தவள் என்பதால், இது எனக்கு எளிதாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பே முதல் திரையைக் கெடுத்தது. துணியில் அளவுக்கு மேலே ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத் தைப்போம். உடம்பு பெருத்தால் பிரித்து விடலாம். எந்தத் தவறு நேர்ந்தாலும் அது தாராளத்தின் பக்கம் நேரட்டும் என்பது தையற்காரரின் பழக்கம். ஜன்னலுக்கு உள்ளே பொருந்த வேண்டிய திரையில் இந்தப் பழக்கம் அப்படியே தலைகீழாக வேலை செய்கிறது. இங்கே சுவர்தான் உடம்பு, திரை அதற்குள்ளே போக வேண்டியது. இம்மியளவு கூடினாலும் போகாது. அதற்காக ஒரேயடியாகக் குறைத்துவிட்டால் இருபக்கமும் வெயில் கோடாக விழும், பிரித்து விடுவதற்கு உள்ளே துணி கிடையாது.

சமையலறைத் திரையில் நான் செய்த பிழைகள் இரண்டு. ஜன்னலின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் அளந்தேன்; வெட்ட வேண்டிய ஓர் அங்குலத்தை முழுவதும் வலப்பக்கத்திலிருந்தே வெட்டினேன். அலுமினியப் பட்டை மிகவும் மெல்லியது, தகடு வெட்டும் கத்தரியால் காகிதம்போல் வெட்டலாம். அந்த எளிமைதான் என்னை யோசிக்கவிடாமல் செய்தது. மாட்டியபின் பார்த்தால் திரை மேலே வழுவழுவென்று இறங்கி, கீழே முக்கால் பாகம் வந்ததும் நின்றுவிட்டது. ஜன்னலின் அடிப்பகுதியில் பூச்சு இருபக்கமும் தடித்து, நடுவைவிடக் கால் அங்குலம் குறுகியிருக்கிறது. இரண்டாவது பிழை கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாளாயிற்று: பட்டைகளைத் தாங்கும் கயிறுகள் இரண்டும் இப்போது நடுவிலிருந்து சமதூரத்தில் இல்லை, இடப்பக்கம் நீளமாகவும் வலப்பக்கம் குட்டையாகவும் பட்டை துருத்திக்கொண்டிருந்தது. திரை இழுபடத்தான் செய்கிறது, ஆனால் ஒருபக்கத் தோள் இறங்கிய சட்டைபோல் தொங்குகிறது. அப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைக் கழற்றி மடித்துக் கையில் கொடுத்திருப்பார். போதாக்குறைக்கு, வெட்டிய மூலைகள் பிளேடுபோல் கூர்மையாக இருந்து விரலைக் கிழித்தன. தொழிற்சாலையிலிருந்து வந்த மூலை ஏன் வளைவாக இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆகவே அறை ஜன்னலுக்கு வரும்போது நான் அளப்பதற்கே ஒரு முழு மாலையைச் செலவிட்டேன். மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அகலம் எடுத்தேன். தச்சர்களும் கொத்தனார்களும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்பார்கள். ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். மில்லிமீட்டரில் எழுதினால் துல்லியம் கூடும் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் வாளின் பல் தின்னும் அளவே ஒரு மில்லிமீட்டர் வரும்போது, கை நிதானத்துக்கு நூல் கணக்குதான் ஒத்துவருகிறது. மேலே 46 அங்குலம் 3 நூல், நடுவே 46 அங்குலம் 1 நூல், கீழே 46 அங்குலம் 2 நூல் இருந்தது. மிகக் குறைவான அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். திரை ஏறி இறங்கும் பாதையில் எங்கே மிகவும் குறுகியிருக்கிறதோ அந்த இடந்தான் முழுத்திரையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. அந்த 46 அங்குலம் 1 நூலிலிருந்து இருபக்கத்துக்கும் சேர்த்து மூன்று நூல் கழித்தேன். பட்டை சுவரை உரசாமலிருப்பதற்கு மட்டுமன்று, பட்டைகள் தொங்கும் இரும்பு மேல்பெட்டியின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளும் தகட்டுப் பிடிகளின் தடிமனுக்கும் அந்த இடம் வேண்டும்.

மூலைவிட்டம் இரண்டையும் எடுத்துப் பார்க்கவும் நான் மறக்கவில்லை. இரண்டும் சமமாக இருந்தால் ஜன்னல் கோணாமல் இருக்கிறது என்று பொருள்; எனக்கு மூன்று நூல் வேறுபாடு வந்தது, அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. அரை அங்குலத்துக்கு மேலே வேறுபட்டிருந்தால் ஜன்னல் குழிவுக்குள்ளே மாட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டு, சுவரின் மேலே, ஜன்னலைவிட இருபக்கமும் இரண்டு அங்குலம் அகலமாகத் தொங்கவிட்டிருப்பேன். அப்படித் தொங்கவிட்டால் கோணல் வெளியே தெரியாது, வெட்டவேண்டிய தேவையும் பெரும்பாலும் இராது. ஆயத்தத் திரை வாங்குபவர்கள் இதையே முதலில் யோசிக்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. என் அறையில் ஜன்னலை ஒட்டியே புத்தக அலமாரி நிற்பதால் எனக்கு அந்த வழி இல்லை.

அடுத்துத் திரையை அளந்தேன். திரை வந்த அட்டைப்பெட்டியின்மேல் 48 அங்குலம் என்றிருந்தாலும் உள்ளே பட்டையின் உண்மையான நீளம் 47 அங்குலம் 4 நூல்தான். பொருத்துவதற்கான இடைவெளியை முன்கூட்டியே கழித்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டியிலிருந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் அரை அங்குலம் கூடுதலாக வெட்டியிருப்பேன். வேண்டியது 45 அங்குலம் 6 நூல், இருப்பது 47 அங்குலம் 4 நூல். ஆக, குறைக்க வேண்டியது ஓர் அங்குலம் 6 நூல், பக்கத்துக்கு ஏழு நூல். இந்த ஏழு நூலைப் பென்சிலால் சுவரிலேயே எழுதி வைத்தேன். வேலை நடுவே யாராவது காப்பி கொண்டுவந்து பேச்சுக் கொடுத்தால் மறந்துபோகும் எண் அது.

வெட்டுவதற்கு முன்னால் எவ்வளவு வரை வெட்ட முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலே இருக்கும் இரும்புப் பெட்டியின் ஒரு முனைக்கருகில் பட்டையைத் திருப்பும் பல்சக்கரமும், மறு முனைக்கருகில் தூக்குக் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பூட்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் வெளிமுனைக்கும் இடையே எனக்கு இரண்டு அங்குலத்துக்கு மேலே இடம் இருந்தது. பெட்டிக்குள்ளே நீளவாட்டில் ஓடும் இரும்புக் கம்பி அந்த முனை வரை நீண்டிருந்தால் அதையும் குறைக்க வேண்டும், என்னுடையதில் நீளவில்லை. பட்டையில் கயிறு போகும் நீள்துளையும் வெளிமுனையிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளியே இருந்தது. இந்த இடங்களில் எதையாவது தொடும் அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தால் அந்தத் திரையை வெட்டக்கூடாது, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சிறிய அளவை வாங்குவதே நல்லது.

திரையின் உயரத்தையும் குறைக்க வேண்டியிருந்தது. ஐந்தடித் திரை, நான்கடி ஜன்னல். இது வெட்டும் வேலையே அன்று, பிரித்துக் கோக்கும் வேலை என்பதால் இதை முதலில் முடித்துக்கொண்டேன். ஜன்னலில் தற்காலிகமாகத் தொங்கவிட்டபோது கீழ்த் திண்டில் படிந்து குவிந்த பட்டைகளை எண்ணினேன், ஏழு. கீழே இறக்கி, எல்லாப் பட்டைகளுக்கும் கீழே இருக்கும் அடிக்கட்டையின் அடியில் உள்ள பிளாஸ்டிக் குமிழ்களை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, உள்ளேயிருந்த முடிச்சுகளை அவிழ்த்து, தூக்குக் கயிறுகளை மேலே இழுத்துக்கொண்டால் பட்டைகள் தாமே பக்கவாட்டில் உருவி வந்துவிடும். அவை உட்கார்ந்திருப்பது சின்னச் சின்னப் படிகள் கொண்ட நூலேணியில். ஏழு பட்டைகளையும் எடுத்துவிட்டு, அடிக்கட்டையை ஏணியின் உரிய படிக்கு ஏற்றிச் செருகி, மிச்ச ஏணியில் நான்கு அங்குலம் மட்டும் விட்டுக் கத்தரித்து, அதைக் கட்டையின் துளைக்குள் திணித்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுகள் ஒரே உயரத்தில் விழாவிட்டால் அடிக்கட்டை சாய்ந்து நிற்கும். நான் மூன்றுமுறை அவிழ்த்தேன். ஆனால் இந்த வேலையை முதலில் செய்தது புத்திசாலித்தனமா என்பதை இந்தப் பதிவின் கடைசியில் சொல்கிறேன்.

எடுத்த ஏழு பட்டைகளில் ஒன்று உடனே பயன்பட்டது. மாடியில் அலமாரி வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர், நான் ஹாக்ஸா பிளேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, தம்முடைய கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து, "எல்லாப் பட்டையும் ஒரே இழுப்பில் போயிடும்மா" என்றார். நல்ல வேளையாக, ஒன்றில் மட்டும் வெட்டிப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன். வட்டு தொட்ட கணத்திலேயே பட்டையின் விளிம்பு வெட்டுப்படாமல் உருகி, பால் ஆடைபோல் சுருண்டு இருபக்கமும் ஒட்டிக்கொண்டது. மூக்கைத் துளைக்கும் காரநெடி வேறு. பிவிசி ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும், அந்த வேகத்தில் சுற்றும் வட்டின் உரசலுக்கு அது எம்மாத்திரம்? எரிந்தால் வரும் புகையும் நுரையீரலுக்கு ஆகாதது. தச்சர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரம் என்று நினைத்ததாகச் சொன்னார். வெள்ளை வண்ணமும் மர ரேகையும் அச்சடித்து வருவதால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கைவாளே கதி என்று ஆனபின், பட்டைகள் அனைத்தையும் ஏணியிலிருந்து உருவி வெளியே எடுத்துவிட்டேன். தொங்கும் திரையை அப்படியே அடுக்கிச் சேர்த்து, ஒட்டுநாடா சுற்றி, ஒரே கட்டாக அறுப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கட்டில் பட்டைகள் வாளோடு சேர்ந்து நகர்ந்து, கடைசியில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளமாகப் படிக்கட்டுபோல் வந்துவிடுவதற்கு வாய்ப்பு அதிகம். இருபத்தேழு பட்டைகளையும் ஒன்பது ஒன்பதாக மூன்று கட்டாகப் பிரித்தேன். ஒன்பதையும் விளிம்புக்கு விளிம்பு சேர்ப்பதைவிட, கயிறு போகும் துளைகளைச் சேர்ப்பதுதான் முக்கியம் என்று தோன்றியதால், இரு முனைத் துளைகளிலும் பின்னல் ஊசி ஒவ்வொன்றைச் செருகிக் கட்டை நேராக்கினேன். தொங்கும்போது பட்டையை வரிசையில் நிறுத்தப்போவது அந்தத் துளைகள்தான் அல்லவா? பிறகு வெட்டப்போகும் இடத்தைச் சுற்றி ஒட்டுநாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் மூலைமட்டம் வைத்து நாலுபக்கமும் கோடு போட்டு, கட்டின் கீழும் மேலும் ஒவ்வொரு வீண்பலகையை வைத்து மேசை விளிம்போடு சேர்த்துக் கிளாம்பு போட்டு இறுக்கினேன். ஒட்டுநாடா கோட்டைத் தாங்குவதோடு, வாள் வெளியேறும் பக்கத்தில் விளிம்பு பெயராமலும் காக்கிறது.

முதல் கட்டை அறுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பல் நெருக்கமான வாளை, அழுத்தாமல், அதன் எடையிலேயே ஓடவிட வேண்டும். அழுத்தினால் வாள் கோட்டைவிட்டு விலகும், இளகிய தூள் பற்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும். பிவிசித் தூளுக்கு ஒரு குணம் உண்டு: உரசலில் மின்னேற்றம் பெற்று, கை, கண்ணாடி, முந்தானை என எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்கிறது, ஊதினால் பறக்காது. முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்ததற்காக அன்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். அறுத்து முடித்த விளிம்பை உப்புத்தாளால் ஒரே திசையில் நாலு இழுப்பு இழுத்தால் தொழிற்சாலை விளிம்புக்கும் இதற்கும் ஓரடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை. ஒரு முனை முடிந்ததும் கட்டைப் பிரிக்காமல் திருப்பி, மறு முனையிலும் அதே ஏழு நூல். மூன்றாவது கட்டின்போது கை தானாகவே சீராக ஓடியது.

மேல்பெட்டி இரும்புத் தகடு. அதற்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹாக்ஸா பிளேடு வாங்கினேன். தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நெருக்கமான பல் வேண்டும்; தகட்டின் தடிமனுக்குள் மூன்று பற்களாவது ஒரே நேரத்தில் படாவிட்டால் பிளேடு மாட்டிக்கொண்டு துள்ளும், பல் உடையும். என் பெட்டியின் தகடு அரை மில்லிமீட்டர்தான், 32 பல்லுக்கும் அது போதாது. ஆகையால் நேர்குத்தாக வெட்டாமல் பிளேடைப் படுக்கவைத்துச் சாய்வாக இழுத்தேன், அப்போது அதிகப் பற்கள் தகட்டில் படுகின்றன. பெட்டிக்குள்ளே சரியாகப் பொருந்தும் ஒரு மரத்துண்டைச் செருகிக்கொண்டதால் தகடு நடுங்கவில்லை. வெட்டியபின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்க்காமல் விட்டால் அது நாளடைவில் கயிற்றை அறுத்துவிடும். எங்கள் பகுதிக்குக் கடற்காற்று வரும் என்பதால், வண்ணம் போன வெட்டுமுனை துருப்பிடிக்குமே என்று யோசித்து, மகளின் வெள்ளை நகப்பூச்சை எடுத்து இரண்டு பூச்சுப் பூசினேன். அடிக்கட்டையும், மேல்பெட்டியை மறைக்க வரும் முகப்புப் பலகையும் பட்டையைப் போலவேதான். முகப்புப் பலகை அசையாத பாகமாதலால் அதை மட்டும் ஒரு நூல் நீளமாக விட்டேன், மேலே இருபக்கமும் இடுக்கு சற்றுக் குறைந்தது.

மாட்டும்போது ஒரே எச்சரிக்கை. யுபிவிசி ஜன்னல் சட்டத்தில் துளை போடுவது சுலபம் என்பதால் பலர் அதிலேயே திருகாணியை ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் உள்ளே அறைகள் இருக்கின்றன, மழைநீர் வடியும் வழி இருக்கிறது, துளைத்தால் பின்னால் கசியும். மேலே உள்ள கான்கிரீட் லிண்டலில் துளையிட்டு ராவல் பிளக் வைத்து மாட்டுவதே முறை. லிண்டலின் அடிப்பக்கப் பூச்சு மட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது எனக்கு வலது மூலை ஒரு நூல் இறங்கியிருந்தது, இடது பிடியின் அடியில் இரண்டு வாஷர்களைக் கொடுத்துச் சரிசெய்தேன்.

கயிற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தங்கை மகனுக்கு இரண்டு வயது. வாரந்தோறும் வருவான், தொங்குவது எதுவாயினும் இழுப்பான். இந்தத் திரைகளின் கயிறு கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், அதனாலேயே பல நாடுகளில் இதற்கென்று பாதுகாப்பு விதிகள் வந்தன. அமெரிக்காவில் 2018-இல் மாற்றப்பட்ட தரவிதி, கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகளுக்குக் கயிறே இல்லாமலோ கைக்கு எட்டாதவாறோ இருக்க வேண்டும் என்கிறது. என்னுடையது கயிறுள்ளது. உயரம் குறைத்தபோதே தூக்குக் கயிற்றையும் திரை முழுவதும் இறங்கியிருக்கும்போது தரையிலிருந்து ஐந்தடிக்குக் கீழே வராத அளவுக்குக் குறைத்து, நுனிகளை ஒன்றாக முடிந்து வளையமாக்காமல் தனித்தனியாக விட்டேன். திரையை ஏற்றும்போது நீளும் கயிற்றைச் சுற்றி வைக்கச் சுவரில் ஐந்தடிக்கு மேலே ஒரு கொக்கி அடித்தேன். ஜன்னலடியில் இருந்த மோடாவையும் அங்கிருந்து எடுத்துவிட்டேன், ஏறி நின்றால் ஐந்தடி ஓர் உயரமே அல்ல.

இந்த வேலை தந்த துணிச்சலில் பால்கனியின் மூங்கில் தட்டியையும் வெட்டினேன். அது இதைவிட எளிது: பாய்போல் இறுக்கிச் சுருட்டி, மூன்று இடத்தில் கயிறு கட்டி, வெட்டும் இடத்தில் ஒட்டுநாடா சுற்றி, கரும்புக் கட்டை அறுப்பதுபோல் அறுத்துவிடலாம், சிராய் மட்டும் விரலில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரத்து நூல்வரிசை தளராமலிருக்கப் பசை தடவி, துணிப்பட்டை வைத்துத் தைத்தேன், அங்கே தையற்காரர் மகள் என்பது பயன்பட்டது. வெப்பத்தைத் தடுப்பதில் இந்தத் தட்டிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். கண்ணாடிக்கு வெளியே வெயிலை நிறுத்துகிறது. அறைக்குள் இருக்கும் பட்டைத்திரை கண் கூசாமல் காக்கும், ஆனால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டில் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கும். இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

அந்த ஏழு பட்டைகளுக்கு வருகிறேன். ஒன்று மெஷினில் உருகிப்போக, மிச்சம் ஆறையும் பரணில் போட்டு வைத்திருந்தேன். சென்ற மாதம் தூசி துடைக்கும்போது கீழிருந்து நான்காவது பட்டை, கயிற்றுத் துளை இருக்கும் இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. மாற்றுப் பட்டை இருக்கிறதே என்ற நிம்மதியோடு பரணிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகினால், இருபக்கமும் சுவரில் இடித்துக்கொண்டு வில்லாக வளைகிறது. அகலத்தை வெட்டுவதற்கு முன்பே உயரத்தைக் குறைத்தேன் அல்லவா? ஏழு பட்டை குறைவாக அறுக்கலாம் என்ற சோம்பேறிக் கணக்கில், உதிரிப் பட்டைகள் அனைத்தும் பழைய நீளத்திலேயே நின்றுவிட்டன. பின்னல் ஊசியையும் மூலைமட்டத்தையும் மறுபடி தேடி எடுத்து, சுவரில் இன்னும் அழியாமலிருந்த பென்சில் எண்ணைப் பார்த்துக்கொண்டு, ஆறு பட்டைகளையும் ஒரே கட்டாகக் கட்டி மேசைமேல் வைத்தேன்.